மறைத்து வைத்த தீனம்



நவம்பர் மாதத்தில் இரண்டு தேதிகள் எனக்கு முக்கியம். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதைப் பற்றி நிறைய பேர் எழுதுகிறார்கள். நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் நாள். அதைப் பற்றி நம் ஊரில் யாரும் வாயைத் திறப்பதில்லை. நான் இன்று அதைப் பற்றி எழுதுகிறேன்.

இரண்டுக்கும் ஒரு தொடர்பும் உண்டு. எல்லைக்கோடு மாறினாலும், பெரிய தீனம் ஏதாவது வந்தால் நம்மவர்கள் பஸ் ஏறும் திசை மாறவில்லை. களியக்காவிளை தாண்டி, நெய்யாற்றின்கரை தாண்டி, திருவனந்தபுரத்துக்குத்தான் போனோம். வலிப்பு நோய் ஆராய்ச்சியில் இந்தியாவிலேயே முக்கியமான வேலை நடந்த இடங்களில் ஒன்று அந்த வழியின் முடிவில்தான் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் இருந்ததுபோல் பொறுமையாக வாசியுங்கள்.

நடராசர் சிலையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஊன்றிய காலின் கீழே ஒரு குள்ள உருவம் கிடக்கும். அவன் பெயர் முயலகன். வடமொழியில் அபஸ்மாரன். முயலகன் என்பது வலிப்பு நோய்க்கு வழங்கிய பழைய தமிழ்ப் பெயர்களில் ஒன்று. அபஸ்மாரம் என்பது சரக சம்ஹிதையில் இதே நோய்க்கு உள்ள பெயர். நினைவு அகன்று போதல் என்று பொருள். மலையாளத்தில் இன்றும் அபஸ்மாரம் என்றே சொல்வார்கள்.

பெரியபுராணத்தில் ஒரு கதை வருகிறது. கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு முயலகன் நோய். எத்தனையோ வைத்தியம் பார்த்தும் தீரவில்லை. அரசன் மகளைக் கோயிலுக்குக் கொண்டுவந்து சந்நிதியில் கிடத்தினான். அங்கே வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாட, அவள் எழுந்தாள் என்கிறது புராணம். ஊர் திருப்பாச்சிலாச்சிராமம், திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள இன்றைய திருவாசி. நம்பிக்கை அவரவர் விருப்பம். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அந்த அரசன் கல்யாண வயதில் இருந்த மகளின் நோயை மறைக்கவில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் கொண்டுவந்து கிடத்தினான். அந்தத் தைரியம் பிற்காலத்தில் நம் குடும்பங்களில் எங்கே போயிற்று என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

இனி நோயைப் பற்றி.

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது மிக நுண்ணிய மின் துடிப்புகள் மூலம். ஆசிரியர் வராத வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஐம்பது பிள்ளைகளும் ஆளுக்கொன்று பேசுவார்கள். வெளியே கேட்பது ஒரு சலசலப்பு மட்டும்தான். ஆனால் கடைசி பெஞ்சில் நாலு பேர் ஒரே தாளத்தில் மேசையைத் தட்டத் தொடங்கி, வகுப்பு முழுவதும் அதே தாளத்தில் சேர்ந்துகொண்டால்? பள்ளிக்கூடமே அதிரும்; வேறு எந்த வேலையும் நடக்காது. வலிப்பு என்பது அதுதான். செல்கள் தனித்தனியாகப் பேசுவதை விட்டுவிட்டு, கூட்டமாக ஒரே தாளத்தில் துடிப்பது. அந்தத் துடிப்பு ஒரு மூலையோடு நின்றால், ஒரு கை மட்டும் வெட்டும், அல்லது ஆள் சில நொடிகள் வெறித்துப் பார்ப்பார். மூளை முழுவதும் பரவினால் கீழே விழுந்து கைகால் இழுக்கும்.

இது பேயும் இல்லை, சாபமும் இல்லை, மூளைச் செல்கள் திடீரென்று அளவுக்கு மீறிச் செயல்படுவதுதான் என்று 1870களில் தெளிவாக எழுதியவர் லண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன். அந்தத் துடிப்பைக் கண்ணால் பார்க்க வழி செய்தவர் ஜெர்மனியில் ஜேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அவர் இளம் வயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். அதே நாளில் தூரத்து ஊரிலிருந்த அக்காவுக்கு ஏதோ மனம் பதைத்து, அப்பாவைத் தந்தி அடிக்கச் சொன்னாளாம். ஒரு மனதின் எண்ணம் இன்னொரு மனதுக்கு எப்படிப் போகிறது என்று தேடப் புறப்பட்ட பெர்கர், அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார்; 1929இல் வெளியிட்டார். அதுதான் இன்று நாம் இ.இ.ஜி. என்கிற சோதனை. தலையின் மேலே ஒட்டும் கம்பிகளுக்குக் கிடைக்கும் மின்சாரம் எவ்வளவு தெரியுமா? ஒரு டார்ச் லைட் பேட்டரியின் 1.5 வோல்ட்டை முப்பதாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.

இந்த அறிவு நம் பக்கம் வந்த கதையில் ஒரு திருவிதாங்கூர்க்காரர் இருக்கிறார். டாக்டர் ஜேக்கப் சாண்டி. 1910இல் கோட்டயத்தில் பிறந்தவர். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, பஹ்ரைனில் மிஷன் ஆசுபத்திரியில் வேலை பார்த்து, பிறகு கனடாவில் மான்ட்ரியல் நகரத்துக்கு வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிலப் போனார். பென்ஃபீல்டின் சொந்தச் சகோதரிக்கே மூளைக் கட்டியும் வலிப்பும் இருந்தன. 1928இல் தானே அவருக்கு அறுவை செய்தார். ஆனாலும் 1931இல் அவர் இறந்துபோனார். வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க, நோயாளியை விழித்திருக்கச் செய்து, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, என்ன தோன்றுகிறது என்று கேட்டுக் கேட்டு வரைபடம் போட்டவர் அவர். ஒரு இடத்தைத் தொட்டால் விரல் அசையும். இன்னொரு இடத்தைத் தொட்டால் என்றோ கேட்ட பாட்டுக் கேட்கும்.

சாண்டி 1949இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங் அவரோடு சேர்ந்தார். 1952இல் வலிப்பு நோய்க்காக அங்கே மூளை அறுவை நடந்தது. நம் நெய்யூர் மிஷன் ஆசுபத்திரியில் பல ஆண்டுகள் பணியாற்றிய, எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல்லும் பிற்காலத்தில் வேலூர் போய் அறுவை மருத்துவம் கற்பித்தார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்கிறேன். மதராஸ் ஜெனரல் ஆசுபத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் நரம்பியல் அறுவையைத் தொடங்கினார். ஆனால் வலிப்புக்கான அறுவை பிறகு பல வருஷங்கள் மங்கிப்போயிற்று. எங்கிருந்து வலிப்பு கிளம்புகிறது என்று உறுதியாகச் சொல்லும் கருவிகள் அப்போது நம்மிடம் போதவில்லை.

இப்போது 1976ஆம் வருஷத்துக்கு வாருங்கள். அந்த ஒரே வருஷத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம் திறக்கப்பட்டது. திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த கட்டிடத்தில், டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் வளர்ந்தது. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாயிற்று. இதய வால்வு செய்த ஆசுபத்திரி என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நரம்பியலும் அதன் இன்னொரு கண்.

இரண்டு, அதே 1976இல் இந்துத் திருமணச் சட்டம் திருத்தப்பட்டது. 1955இல் வந்த மூலச் சட்டத்தில் வலிப்பு என்ற சொல்லே இல்லை. 1976 திருத்தத்தில்தான், திரும்பத் திரும்பப் பைத்தியமோ வலிப்போ வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று சேர்த்தார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அப்படியே. அதாவது, அந்தக் காரணத்தைக் காட்டி நீதிமன்றத்தில் ஒரு கல்யாணத்தைச் செல்லாததாக்கலாம். நாம் மட்டும்தான் அப்படி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் வலிப்பு உள்ளவர் திருமணம் செய்யத் தடையாக இருந்த சட்டம் 1970இல்தான் நீங்கியது. அமெரிக்காவில் கடைசி மாநிலம் அதை நீக்கியது 1980இல். ஆனால் மற்றவர்கள் கழற்றி எறிந்த நேரத்தில் நாம் எடுத்து மாட்டிக்கொண்டோம்.

இதன் விளைவு என்ன என்று ஆசிரியர் வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம். எட்டாம் வகுப்பு. பாடம் நடக்கும்போது திடீரென்று வெறித்துப் பார்ப்பாள். உதட்டைச் சப்புக்கொட்டுவாள். விரல்கள் பாவாடை நுனியைப் பிசைந்துகொண்டிருக்கும். ஒரு நிமிஷத்தில் சரியாகி, எந்தப் பக்கம் நடக்கிறது என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்பாள். கனவு காண்கிறாள் என்று பெயர் வாங்கினாள். ஒரு நாள் பிரார்த்தனை நேரத்தில் விழுந்து கைகால் இழுத்தது. மறுவாரத்திலிருந்து பள்ளிக்கூடம் வரவில்லை. வீட்டில் போய்க் கேட்டதற்கு அவள் அம்மா சொன்னது இதுதான்: "வெளிய தெரிஞ்சா இவள எவன் கெட்டுவான்? இவளுக்குக் கீழ இன்னும் ரெண்டு பொட்டப்பிள்ள இருக்கு." நோய் ஒருத்திக்கு, தண்டனை மூன்று பேருக்கு. சரடு கட்டினார்கள், திருநீறு போட்டார்கள், ஜெபம் செய்தார்கள். திருவனந்தபுரத்துக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. அங்கே தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அந்தப் பிள்ளைக்கு இருந்தது எது என்று இன்று புத்தகத்தைப் பார்த்தால் புரிகிறது. வெறித்த பார்வை, சப்புக்கொட்டுதல், விரல் பிசைதல் ஆகிய மூன்றும், காதுக்கு மேலே பொட்டின் உள்பக்கம் இருக்கும் டெம்போரல் லோப் என்ற மூளைப் பகுதியில் தொடங்கும் வலிப்பின் அடையாளங்கள். அந்தப் பகுதிக்குள் கடல்குதிரை வடிவில் ஹிப்போகேம்பஸ் என்று ஒன்று உண்டு, நினைவாற்றலின் வாசல். சிலருக்கு அது சுருங்கித் தழும்பாகி விடுகிறது. குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு நீண்ட நேரம் ஜன்னி வந்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறார்கள். இந்த வகைக்கு மாத்திரை பல சமயம் போதாது.

இங்கேதான் டாக்டர் கே. ராதாகிருஷ்ணன் வருகிறார். லிபியாவில் பெங்காசியிலும், பிறகு அமெரிக்காவில் மேயோ கிளினிக்கிலும் பணியாற்றியவர். நரம்பு நோய்கள் மக்களிடம் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று கணக்கெடுப்பதில் தேர்ந்தவர். 1994இல் ஸ்ரீ சித்திரைக்குத் திரும்பி வந்தார். 1995 மார்ச் 20ஆம் தேதி அங்கே முதல் டெம்போரல் லோப் அறுவை நடந்தது. அறுவை மருத்துவர் எம். பாஸ்கர ராவ். 1998இல் வலிப்பு நோய்க்கென்றே தனி மையம், ஆர். மாதவன் நாயர் பெயரில் உருவாயிற்று.

அவர்கள் எதிர்கொண்ட கேள்வி எளிமையானது: பணம் குறைந்த நாட்டில் இது நடக்குமா? மேல்நாடுகளில் மண்டை ஓட்டுக்குள்ளேயே கம்பிகளை வைத்துப் பல நாள் பதிவு செய்வது உண்டு. செலவு பெரிது. திருவனந்தபுரத்தில் வேறு வழி எடுத்தார்கள். நோயாளியைச் சில நாள் படுக்கையில் வைத்து, கேமராவும் இ.இ.ஜி.யும் ஒரே நேரத்தில் ஓடவிடுவது. வலிப்பு வரும்போது உடல் என்ன செய்கிறது, அலைகள் எந்தப் பக்கத்தில் கிளம்புகின்றன என்று பொருத்திப் பார்ப்பது. எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் தழும்பும் அதே இடத்தைக் காட்டினால் அறுவை செய்யலாம். மூன்று சாட்சிகளும் ஒத்துப்போகிற நோயாளிகளை முதலில் தேர்ந்தெடுத்தால் செலவு குறையும், பலன் நிச்சயமாகும். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கே அறுவை நடந்திருக்கிறது. பின்னாளில் ராதாகிருஷ்ணன் அந்த நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

அறுவை என்றால் பயப்படுகிறவர்களுக்கு இரண்டு கணக்கு சொல்கிறேன். 2001இல் கனடாவில் வெளியான ஆய்வில் 80 பேரைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வருஷ முடிவில் நினைவு தவறும் வலிப்பு இல்லாதவர்கள் அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 58, மருந்து மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 8. 2017இல் டெல்லி எய்ம்ஸில் குழந்தைகளிடம் அதேபோல் செய்த ஆய்வில் 77க்கு 7. இது மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு மட்டும். வலிப்பு உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மாத்திரையே போதும்.

அந்த மாத்திரையும் பழையது, மலிவானது. ஃபீனோபார்பிட்டால் 1912இலும், எப்டாயின் என்று நம் கடைகளில் கிடைக்கும் ஃபெனிட்டாயின் 1938இலும் இந்த நோய்க்கு வந்துவிட்டன. பெங்களூரு டாக்டர் கே.எஸ். மணி, கர்நாடகத்தில் எளந்தூர் என்ற கிராமப்புறத் தாலுகாவில் இந்த மலிவு மாத்திரைகளைத் தவறாமல் கொடுத்தாலே பெரும்பாலோருக்கு நன்றாகக் கட்டுப்படும் என்று காட்டினார். 2001இல் லான்செட் இதழில் அது வெளியாயிற்று. சூடான வெந்நீரைத் தலையில் மொண்டு ஊற்றிக் குளிக்கும்போது சிலருக்கு வரும் விசித்திரமான வலிப்பை 1968இலேயே மருத்துவ இதழில் எழுதியவரும் அவர்தான். தென்னிந்தியாவில்தான் அது அதிகம். அப்படி வருகிறவர்கள் தண்ணீரின் சூட்டைக் குறைத்தாலே பலருக்குத் தொல்லை குறையும்.

ராதாகிருஷ்ணன் குழு கேரளத்தில் சுமார் 2.38 லட்சம் பேரிடம் கணக்கெடுத்து 2000இல் வெளியிட்டது. ஆயிரம் பேருக்கு ஐந்து பேர் அளவில் வலிப்பு. கேள்விப்படாதவர் யாருமே இல்லை என்கிற அளவுக்கு எல்லாருக்கும் நோயின் பெயர் தெரிந்திருந்தது. ஆனால் கால்வாசிப் பேருக்கும் மேல் அதை ஒருவகைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். படிப்பில் முதலிடத்தில் இருந்த கேரளத்தில் இந்த நிலை. ஆயிரத்துக்கு ஐந்து என்றால், நம் ஊரில் ஆயிரம் பிள்ளைகள் படித்த எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஐந்து பேர் இருந்திருப்பார்கள். நமக்கு எத்தனை பேரைத் தெரியும்? மீதிப் பேர் மறைந்திருந்தார்கள்.

எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். அதே ஸ்ரீ சித்திரையில் டாக்டர் சஞ்சீவ் தாமஸ் 1998இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். கேரள வலிப்பு-கர்ப்பப் பதிவேடு. வலிப்பு உள்ள பெண்கள் கர்ப்பமானால் பேரைப் பதிந்து, பிரசவம் வரை கூடவே இருந்து, பிறந்த குழந்தையின் உடலையும் பிறகு அறிவு வளர்ச்சியையும் வருஷக்கணக்கில் பின்தொடர்வது. மாமியார் வீட்டில் மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த பெண்களை, வந்து பேரைப் பதியச் சொன்னார்கள். வந்தார்கள்.

அந்தப் பதிவேடு சொன்னது என்ன? நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்குக் குறையில்லாத குழந்தை பிறக்கிறது. மருந்துகளில் வால்ப்ரோயேட் என்பது கருவுக்கு அதிக ஆபத்து, அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். அதை முன்கூட்டியே மாற்றிக்கொள்ள முடியும். ஃபோலிக் அமிலம் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். பயந்துபோய் மாத்திரையைத் தானாக நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் கேடு. "இவளுக்குப் பிள்ளை பிறந்தால் அதுவும் இப்படித்தான் இருக்கும்" என்ற ஊர்ப்பேச்சுக்கு, ஆயிரக்கணக்கான தாய்மார்களின் கணக்கைக் கொண்டு பதில் சொன்ன பதிவேடு அது.

சட்டமும் அந்தக் காலத்தில்தான் இறங்கி வந்தது. 1970இல் தொடங்கிய இந்திய வலிப்பு நோய்ச் சங்கம் இதற்காகப் பல காலம் போராடியது. 1999 டிசம்பரில் திருமணச் சட்டங்களின் திருத்தம் வந்து, வலிப்பு என்ற சொல் நீக்கப்பட்டது. 1976இலிருந்து 23 வருஷம் அது சட்டத்தில் இருந்தது. நான் சொன்ன மாணவியின் கல்யாண வயது முழுவதும் அந்த 23 வருஷத்துக்குள் முடிந்துபோயிற்று.

சட்டம் மாறிவிட்டது. மனசு மாற வேண்டியது பாக்கி. அதனால்தான் இந்தப் பதிவு.

கடைசியாக, சாவிக்கொத்து விஷயம். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்று இன்றும் படித்தவர்களே ஓடுகிறார்கள். "மாஷே, நானே பார்த்தேன், நின்னுச்சே" என்பார்கள். நின்றது உண்மைதான். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக நின்றுவிடும். பைக்கை நிறுத்தி, சாவியை எடுத்து, கூட்டத்தை விலக்கிக் கொண்டுபோய்க் கொடுக்க அவ்வளவு நேரம்தான் ஆகும். பெயர் சாவிக்குப் போகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

கூரான பொருள்களை விலக்குங்கள். தலைக்குக் கீழே துண்டோ பையோ வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். இழுப்பு தணிந்ததும் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வடியட்டும். கைகாலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாயில் கரண்டி, துணி, தண்ணீர், சோடா எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். முடிந்தால் போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பார்க்கிற உங்கள் சாட்சி அவருக்கு இ.இ.ஜி. அளவுக்கு உதவும். அந்த வீடியோ மருத்துவருக்கு மட்டும், வாட்ஸ்அப் குரூப்புக்கு அல்ல.

முன்பு திருவனந்தபுரமே கதி என்று இருந்தோம். இன்று நமக்கே ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் அங்கே காட்டுங்கள். இரண்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் அடங்கவில்லை என்றால், அறுவைக்கு ஏற்றதா என்று தயங்காமல் கேளுங்கள்.

உங்களில் இப்போது பிள்ளைகளுக்கு வரன் பார்க்கிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். பெண்ணுக்கோ பையனுக்கோ வலிப்பு இருந்தால், கல்யாணத்துக்கு முன்பே இரு வீட்டாரும் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். எதிர்வீட்டார் சொன்னால், எழுந்து போகாமல் மருத்துவரிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஆசிரியர் வேலையில் இருக்கிற என் மாணவர்கள், வகுப்பில் அடிக்கடி வெறித்துப் பார்க்கிற பிள்ளையைக் கண்டால் பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

யாருக்காவது இது பற்றிப் பேச வேண்டுமென்றால் எனக்குத் தனியாக எழுதுங்க மக்களே. நான் மருத்துவன் இல்லை. ஆனால் கூட வருவேன். திருவனந்தபுரத்துக்குப் பஸ்ஸில் ஒன்றாகப் போய் வரலாம்.